மஞ்சள் ஸ்டிக்கர் நாள்

1

பல் தெரியக் கூடாது. நெற்றியில் முடி விழக் கூடாது. மூக்குக் கண்ணாடி பளபளக்கக் கூடாது. முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது.

ஜெர்மனியில் தங்கும் அனுமதிக்கு ஒரு கார்டு தருவார்கள். அதைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் புகைப்படம் பற்றி இப்படி ஒரு கடிதமும் வரும். எனக்குக் கடிதம் என்றாலே பயம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜெர்மன் கடிதங்களை என் மகள் ஜெனிதான் படித்துச் சொல்வாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான்கு வயதில் இங்கே வந்தவள்.

"ஒண்ணும் இல்லப்பா. ஆபீஸ்ல மெஷின் இருக்கு. அங்கயே போட்டோ எடுக்கணும். அவ்ளோதான்."

மூன்று பக்கம் இப்படி ஒரு வரியாகச் சுருங்கினால் மீதி எல்லாம் எங்கே போனது என்று எனக்கு அன்று முழுவதும் கவலையாக இருக்கும். அவளைத் திரும்பப் படிக்கச் சொன்னால் கண்ணை மேலே உருட்டுவாள். அந்த உருட்டல் இந்த ஊர்ப் பழக்கம். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி ரெஜினா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் நாங்கள் இந்தச் சின்ன ஊருக்கு வந்தோம். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் எனக்கு வேலை. படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வரும், மடித்து அனுப்புவோம், மறுபடியும் மலை மாதிரி வரும். ஊரில் இருந்தபோது ஒரகடம் கம்பெனியில் கார் பாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிய கைக்கு இது புதிது இல்லை.

அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் என் அக்கா மகள் ஸ்டெல்லா ஊரிலிருந்து போன் செய்தாள்.

2

"மாமா, போட்டோ எடுக்குறதுக்கு எனக்குக் காசு குடுப்பாங்க போல கீது."

ஸ்டெல்லாவுக்கு இருபத்தியொரு வயது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். கான்ட்ராக்ட் முடியும் தறுவாயில் இருந்தது.

"யாரு குடுக்குறா?"

"சென்னைல ஒரு டிரஸ்ட். சின்ன வயசுக்காரங்களுக்கு. ஒரு வருஷம் மாசாமாசம் உதவித்தொகை, ஒரு கேமரா, கூடவே இருந்து சொல்லிக்குடுக்க ஒரு மேடம். பஸ்ல நான் எடுத்த படத்தெல்லாம் அனுப்பினேன். கடைசி ரவுண்டுல கீறேன்."

"உங்கிட்ட எவ்ளோ கேட்டாங்க?"

"கேக்கல."

"ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்?"

"இல்ல மாமா."

"கேக்காம எதுக்குக் குடுக்குறான்?"

பின்னாலிருந்து லூர்து அக்காவின் குரல் வந்தது. "அதைத்தாண்டா நானும் கேட்டுக்கினு கீறேன். நீயே கேளு அவள."

அக்கா ஏற்கெனவே வடக்குப்பட்டு பக்கம் இன்னொரு கம்பெனியில் பேசி வைத்துவிட்டாள். அடுத்த மாதம் ஜாயினிங். போனிலேயே இரண்டு பேருக்கும் ஒப்பந்தம் நடந்தது.

"கெடைச்சா எடு, ஒரு வருஷம் நான் வாயே தொறக்க மாட்டேன். கெடைக்கலன்னா நீ வாய மூடிக்கினு கம்பெனி பஸ் ஏறு."

"சரிம்மா. மாமா சாட்சி."

எனக்கு எதற்கும் சாட்சியாக இருக்கப் பயம். இருந்தாலும் சரி என்றேன். ஒரு முழு வருஷம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது அன்றிலிருந்து என் கவலை ஆகிவிட்டது. விரிப்பு மடிக்கும்போதும் அதே நினைப்பு.

அன்று மாலையே அந்த டிரஸ்டின் பக்கத்தை ஜெனியை விட்டுப் படிக்கச் சொன்னேன். நிஜமான டிரஸ்ட்தான். முன்பு உதவி வாங்கியவர்களின் படங்கள் எல்லாம் இருந்தன. ஊரில் கேமராவும் கையுமாக அலையும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட உதவிகள் இருக்கின்றன. பல இடங்களில் தமிழிலேயே எழுதிப் போடலாம், போனில் எடுத்த படமே போதும். முன்பணம் கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். எடுத்த படம் கடைசியில் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது படிப்பால் இல்லை. ஸ்டெல்லாவுக்குப் பதிலாக நான் பயந்து பயந்து, அவளை ஒவ்வொன்றாகக் கேட்க வைத்ததால்.

3

அவள் அனுப்பிய படங்களை அதன் பிறகுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

எல்லாம் கம்பெனி பஸ். ஷிப்ட் முடிந்து தலை சாய்ந்து தூங்கும் பெண்கள், ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர், ஜன்னல் கம்பியில் காயும் துப்பட்டா. எதிரே வரும் லாரியின் விளக்கு ஒவ்வொரு படத்திலும் பூவாக விரிந்திருந்தது. ஒவ்வொரு பெண்ணின் தலையைச் சுற்றியும் ஒரு வெளிச்சம் புகை மாதிரி படர்ந்திருந்தது. மாதா படத்தில் இருக்குமே, அப்படி. லைனில் நின்று கால் வீங்கிப்போன பிள்ளைகள் அந்தப் படங்களில் வானத்திலிருந்து இப்போதுதான் இறங்கி வந்து பஸ்ஸில் சீட்டு பிடித்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"எப்படிடி எடுத்த இப்டி?"

"மேடமும் அதத்தான் கேட்டிருக்காங்க மாமா. இன்டர்வியூல அந்த வெளிச்சத்த எப்டி கொண்டாந்தேன்னு சொல்லணுமாம்." அவள் குரல் இறங்கியது. "நான் ஒண்ணும் கொண்டாரல மாமா. அது பசை."

விஷயம் இதுதான். கம்பெனிக்குள் படம் எடுக்கக் கூடாது. அதனால் கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொருவர் போனிலும் கேமரா மேல் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நேற்றையதையே வைத்து ஏமாற்றாமல் இருக்க நாளுக்கு ஒரு நிறம். வெளியே வரும்போது ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். பஸ் ஏறியதும் பெண்கள் அதை உரித்து எதிர் சீட்டின் முதுகில் ஒட்டிவிடுவார்கள். அந்த சீட்டுகளே இப்போது கலர் கலராகப் பொரித்த அப்பளம் மாதிரி இருக்கின்றனவாம். ஆனால் ஸ்டிக்கர் போனாலும் பசை லென்ஸிலேயே தங்கிவிடும். நாள்தோறும் ஒரு படலம். அதைத் துப்பட்டாவால் துடைத்தால் இன்னும் நன்றாகப் பரவும்.

தலையைச் சுற்றிய ஒளிவட்டம் வந்தது அப்படித்தான்.

நான் கவலைப்பட ஆரம்பித்தேன். மோசடி என்பார்களோ. கம்பெனிக்குத் தெரிந்து ஏதாவது சொல்வார்களோ.

"உள்ள எடுக்கவே முடியாதே மாமா. அதுக்குத்தானே ஸ்டிக்கரு."

"சரி, நீ பசைன்னு சொல்லாத. பயிற்சின்னு சொல்லு."

"பயிற்சின்னா எப்டின்னு கேப்பாங்க."

"அப்போ ஃபில்டருன்னு சொல்லு."

"எந்த ஃபில்டருன்னு கேப்பாங்க."

படம் எடுப்பது பற்றி எனக்கு என்ன தெரியும். நான் ஒரகடத்தில் வேலை பார்த்த அத்தனை வருஷத்திலும் என்னை ஒருவரும் ஒரு படம் எடுத்ததில்லை. அந்தக் காலத்திலிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது கேட் பாஸில் ஒட்டிய ஒரு சின்ன முகம்தான். அது நானா, பக்கத்து லைன் ஆளா என்று ரெஜினாவுக்கே சந்தேகம்.

4

இன்டர்வியூ வீடியோ காலில். ஊரில் பிற்பகல், எனக்குக் காலை வேலை நேரம். ஸ்டெல்லா தன் போனில் அவர்களிடம் பேசுவாள். அக்கா போனில் நான் இருப்பேன். அந்தப் போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் விரிப்பு வண்டிகளுக்கு நடுவில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம் வரக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

மறுபக்கம் மூன்று பேர். சொல்லிக்கொடுக்கப் போகிற மேடம்தான் அதிகம் பேசினார்.

"ஸ்டெல்லா, உங்க நெட் ஸ்லோவா? முகம் பனிமூட்டமா தெரியுது."

"நெட்டு நல்லாதான் கீது மேடம்."

"சரி. உங்க படங்கள்ல விளக்கெல்லாம் பூ மாதிரி விரியுது. எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு, இது லென்ஸா, கம்ப்யூட்டர்ல பண்ணதான்னு. நீங்களே சொல்லுங்க."

பயிற்சி, பயிற்சி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பசை மேடம்."

"என்னது?"

"ஸ்டிக்கர் பசை. கம்பெனில கேமரா மேல ஒட்டுவாங்க. உரிச்சா பசை நின்னுக்கும். இப்போ என் மூஞ்சி பனிமூட்டமா தெரியுதுன்னு சொன்னீங்களே, அதுவும் அதான். முன் கேமராலயும் ஒட்டுவாங்க."

"ஐயோ மாதாவே, போச்சு," என்றது ஒரு குரல். அது என் குரல்.

"யாரது?"

"எங்க மாமா மேடம். ஜெர்மனில கீறாரு. தைரியத்துக்கு வெச்சிருக்கேன்."

"யார் தைரியத்துக்கு?"

"அவருக்குத்தான் மேடம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து என் சூப்பர்வைசர் அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, இங்கே என்ன செய்கிறாய் என்று ஜெர்மனில் கேட்டார். அதுவும் சென்னைக்குக் கேட்டது. அக்கா போனைத் தூக்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். மீதியை ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மேடம் திட்டவில்லை. ஆனால் சிரித்து முடித்துவிட்டு இப்படிச் சொல்லியிருக்கிறார். "அப்போ பசை இல்லாம நீங்க எப்படி எடுப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, இல்லையா?"

"தெரியாது மேடம்."

"லென்ஸை நல்லா துடைங்க. அதே பஸ், அதே ஆளுங்க. புதுசா எடுத்து ஒரு வாரத்துக்குள்ள அனுப்புங்க. பாத்துட்டு முடிவு சொல்றோம்."

5

தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பசை வந்துவிடும். பிறகு கண்ணாடித் துணியால் துடைக்க வேண்டும். பஸ் ஏறியதும் முதல் வேலை அதுதான். லென்ஸ் பளிச்சென்று ஆகிவிட்டது. அங்கேதான் சிக்கலே.

ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து சீட்டு கவிதா, வடக்குப்பட்டுப் பெண். முதல் படத்தைப் பார்த்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாடி இது? முன்னாடி எடுத்தப்போ அம்மன் மாதிரி இருந்தேன். இப்போ ஆதார் கார்டு மாதிரி கீது."

அவளுக்கும் முன் சீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் முத்துச்செல்வி. அவள் இன்னும் மோசம்.

"ஏட்டி, என் மூஞ்சில உள்ள பருவு ஒண்ணு விடாம எண்ணி எடுத்திருக்கியே. மொதல்ல அழி. இல்லன்னா ஜன்னல் வழியா எறிஞ்சிருவேன்."

தூசி படக் கூடாத வேலை என்பதால் ஷிப்ட் முழுக்க அவர்கள் மாஸ்க்கும் தொப்பியும் போட்டிருக்க வேண்டும். வேர்வை உள்ளேயே நிற்கும். அந்த பஸ்ஸில் பரு இல்லாத கன்னம் குறைவு. இத்தனை நாள் பசை அதையெல்லாம் மறைத்து வைத்திருந்தது. இப்போது ஸ்டெல்லா போனைத் தூக்கினாலே முப்பது துப்பட்டா முகத்துக்கு ஏறியது. கேட்காமல் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் செய்தாள். "படமெல்லாம் கத்தி மாதிரி வருது மாமா. எடுக்கத்தான் ஆளு இல்ல."

"ஜாயினிங்குக்கு நல்ல செருப்பா ஒண்ணு வாங்கணும், நிக்கறதுக்கு," என்றாள் அக்கா பின்னாலிருந்து. கிண்டலாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நேரம் ஜெனி என் பின்னால் ஃபிரிட்ஜைத் திறக்க வந்தாள். அவள் கன்னத்தில் இரண்டு மஞ்சள் நட்சத்திரம்.

இந்த நட்சத்திரம் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பருவுக்கு மருந்து தடவிய ஸ்டிக்கர் விற்கிறார்கள், நட்சத்திர வடிவத்தில். பிள்ளைகள் அதை ஒட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறார்கள். இதை அறியாமல், முதல் நாள் பார்த்தபோது என் மகள் ஏதோ ஒரு கும்பலில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். பெற்றோர் கூட்டத்தில் டீச்சரிடம், நட்சத்திரம் தண்டனைக்கா என்று கேட்டும்விட்டேன். அதிலிருந்து ஜெனி என்னைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

ஸ்டெல்லா திரையில் அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். "ஜெனி, இன்னாடி அது மூஞ்சில?"

ஜெனிக்குத் தமிழ் இப்போது தேடித்தேடித்தான் வருகிறது. "அக்கா... இது பிம்பிள் மேல. ஒட்டினா பிம்பிள் தெரியாது. ஸ்டிக்கர் மட்டும் தெரியும். இங்க எல்லாரும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "உங்ககிட்டயும் ஸ்டிக்கர் இருக்குல்ல? நீங்க ஏன் சீட்ல ஒட்றீங்க?"

ஸ்டெல்லா வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் மஞ்சள் ஸ்டிக்கர் நாள்.

நடந்ததை அவள் எனக்குச் சொன்னபோது அவளாலேயே சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. பஸ் ஏறியதும் தன் போனிலிருந்து உரித்து முதலில் தன் மூக்கு மேல் இருந்த பருவில் ஒட்டினாள். கவிதா பார்த்தாள். தன்னுடையதை உரித்துத் தாடையில் ஒட்டினாள். முத்துச்செல்விக்கு இரண்டு போதவில்லை.

"ஏட்டி ஸ்டெல்லா, உன்னுதக் குடு. உனக்குத்தான் மூஞ்சி நல்லா இருக்கே."

"குடுக்க மாட்டேன். எனக்கு நெத்திக்கு வேணும்."

"நெத்திக்கா? நீ மாதா கோயிலுக்குப் போற வேதக்காரிதானே?"

"இது பொட்டு இல்லடி. பரு."

பின் சீட்டுவரை கேட்டு வாங்கினார்கள். ஒட்டுவதும் இடம் மாற்றுவதும் ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு சரி பார்ப்பதுமாக பஸ் ஆடியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"எம்மா, சீட்டு பத்தலன்னு இப்போ மூஞ்சிலயும் ஒட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அண்ணே, உங்களுக்கும் ஒண்ணு."

சிக்னலில் நின்றபோது அவருடைய வழுக்கையில் ஒன்று ஒட்டப்பட்டது. அவர் அதை எடுக்கவில்லை.

துப்பட்டா ஒன்றும் ஏறவில்லை. "இங்க எடு", "என்னைத் தனியா எடு" என்று அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். நான் அந்தப் படங்களைப் பார்த்தேன். விளக்கு பூவாக விரியவில்லை. ஒளிவட்டம் இல்லை. மாஸ்க்கின் வார் காதோரம் பதித்த கோடு தெரிகிறது, சிரிக்கும்போது முத்துச்செல்வியின் கோணல் பல் தெரிகிறது. முகம் முழுக்க மஞ்சள் வட்டங்கள். ஒரு பஸ் நிறையப் பெண்கள், காலையில் கேமராவை மூடிய அதே ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு அந்தக் கேமராவையே பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, திரும்பவும் பெரிதாக்கி, வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

இருந்தாலும் கவலை போகவில்லை. விளையாட்டு என்று நினைத்துத் தள்ளிவிட்டால்?

6

டிரஸ்டிலிருந்து முடிவு வரும் என்று சொன்ன நாளும் கார்டுக்குப் படம் எடுக்க அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த நாளும் ஒன்றாக அமைந்தன. மொழிக்குத் துணையாக ஜெனி வந்தாள். நட்சத்திரம் இல்லாத கன்னத்தோடு வந்தாள், என் பொருட்டு.

மெஷின் ஒரு அலமாரி அளவு இருந்தது. முன்னால் உட்கார வேண்டும், அதுவே உயரம் பார்த்து நகரும், முகத்தைப் படிக்கும், பிடிக்காவிட்டால் சிவப்பு விளக்கு காட்டும். என் முகம் அதற்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். கவலையில் ஊறிய முகம் எனக்கு இயல்பிலேயே உண்டு.

உட்கார்ந்த நேரம் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஜெனி எடுத்து எனக்கும் கேட்கும்படி வைத்தாள். ஸ்டெல்லா அனுப்பிய குரல் பதிவு. அந்த மேடம் பேசியதையே அவள் அப்படியே அனுப்பியிருந்தாள்.

"ஸ்டெல்லா, திங்கள்கிழமை வாங்க, ஆரம்பிச்சிடலாம். லென்ஸ் துடைக்க ஒரு துணி அனுப்பறேன். இனிமே துப்பட்டால துடைக்காதீங்க. மாமாகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

அதன் கீழே அக்கா தனியாக ஒன்று அனுப்பியிருந்தாள். "வாய மூடிக்கினேண்டா. ஒரு வருஷம்."

மெஷின் படம் எடுத்தது. சிவப்பு விளக்கு. வாயை மூடவும் என்று திரையில் வந்தது. மூடினேன். சிரிப்பில் கன்னம் தானாக ஏறியது. சிவப்பு. அந்த டிரைவரின் வழுக்கை ஞாபகத்துக்கு வந்தது. சிவப்பு. வெளியே வரிசை நீண்டது.

அதிகாரி அம்மா வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் நம் ஊர் வழக்கத்தில், ஆமாம் ஆமாம் என்பது போல, "யா, யா" என்றேன். இங்கே அதை இரண்டு முறை சொன்னால், சரி சரி போ என்று துரத்துவது மாதிரி. ஜெனி என் தொடையைக் கிள்ளிவிட்டு, நான் சொன்னதற்கும் சேர்த்து ஜெர்மனில் கடகடவென்று ஏதோ விளக்கினாள். பஸ், ஸ்டிக்கர் என்ற இரண்டு சொல் எனக்கும் புரிந்தது. கடைசியில் போனை நீட்டி மஞ்சள் படத்தைக் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, படத்தைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, இவருக்கு இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும் என்று அறிவித்தார்.

எதையாவது வருத்தமாக நினையுங்கள் என்று ஜெனி மூலம் எனக்கு யோசனை சொன்னார். வாழ்நாளில் முதல் முறையாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு படம் தேறியது.

கார்டு சில வாரம் கழித்து வந்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"இன்னாடா, பல்லு வலியா?" என்று கேட்டாள்.

ஸ்டெல்லா சென்னைக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் அலைந்துகொண்டிருக்கிறாள். கேமரா வந்துவிட்டது. பழைய பஸ்ஸில் அவளுக்கு இன்னும் சீட்டு போட்டு வைக்கிறார்களாம், படம் எடுப்பதற்காக. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் கவலை வேறு. அடுத்த கோடையில் ஊருக்கு வருகிறோம். ஜெர்மனிக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி கார்டைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் எனக்கு அந்த பஸ் ஞாபகம் வரக் கூடாது. வந்தால் முகம் மாறிவிடும், அப்புறம் இது நீ இல்லை என்பார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு வரிசையில் நிற்க இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். ஜெனி எதிரே நின்று அதிகாரி மாதிரி பார்க்கிறாள், கன்னத்தில் நட்சத்திரத்தோடு. இதுவரை ஒரு முறைகூட என்னை உள்ளே விடவில்லை.